பழைய காருக்குப் புதிய பட்டை: வாசகர் கேள்வி – பதில்

பழைய கார்களைச் சீரமைப்பது குறித்த இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. எஞ்சின் ஓடுகிறது, டிங்கரிங் முடிந்துவிட்டது, பெயின்ட் பளபளக்கிறது. ஆனால் கடைசியாக மாட்ட வேண்டிய பக்கவாட்டு அலங்காரப் பட்டை, காரின் பெயரைத் தாங்கிய மோனோகிராம், கண்ணாடி ரப்பர், பம்பர் ஆகியவை மட்டும் சரியாக உட்கார மறுக்கின்றன. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் 1968-ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட் இருக்கிறது. பழைய பக்கவாட்டுப் பட்டைகள் நெளிந்திருந்ததால், புதிதாகச் செய்து விற்கப்படும் ஒரு செட்டை வாங்கி, பெயின்ட் முடிந்த பிறகு மாட்டிப் பார்த்தோம். முன் மட்கார்டில் உள்ள பட்டையும் முன் கதவில் உள்ள பட்டையும் ஒரே கோட்டில் வரவில்லை. கதவில் உள்ளது சுமார் 4 மி.மீ. கீழே நிற்கிறது. பின் மட்கார்டுப் பட்டை நடுவில் உடம்பை விட்டு விலகித் தூக்கிக்கொண்டிருக்கிறது. பட்டை சரியில்லை என்கிறார் டிங்கர். வண்டி சரியில்லை என்கிறார் விற்றவர். யார் சொல்வது சரி? — வாசகர், மதுரை

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கக்கூடும். எந்தப் பாதி யாருடையது என்பதை அளந்துதான் சொல்ல முடியும். அளப்பதற்கு உங்களிடம் மிக நல்ல கருவி ஒன்று இருக்கிறது. அது நீங்கள் கழற்றி வைத்த அந்த நெளிந்த பட்டை. அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடவில்லை என்று நம்புகிறேன். நெளிந்திருந்தாலும் அதன் பின்பக்கத்தில் கிளிப் உட்காரும் இடங்களுக்கு இடையே உள்ள தூரம் பெரும்பாலும் மாறியிருக்காது. பழையதையும் புதியதையும் ஒரு கண்ணாடி மேசையின் மீது அருகருகே கவிழ்த்து வைத்து, ஒரு முனையைச் சமன்செய்து, ஒவ்வொரு கிளிப்பின் இடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் பட்டையின் மீது குற்றமில்லை.

அடுத்து வண்டிக்கு வாருங்கள். கார் நான்கு சக்கரங்களிலும் நிற்க வேண்டும், டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்த காரில் கதவு இடைவெளியை அளப்பது வீண் வேலை. இந்த ஃபியட்டுக்குத் தனிச் சட்டம் (சேஸி) கிடையாது, உடம்பே சட்டம் என்பதால் எங்கே தாங்குகிறோமோ அதற்கேற்ப அது சற்றே வளையும். பிறகு முன் மட்கார்டின் முனையிலிருந்து பின் மட்கார்டின் முனை வரை ஒரு மெல்லிய நூலை இழுத்து, இரு முனைகளிலும் டேப்பால் ஒட்டி, ஒவ்வொரு துளையும் அந்த நூலுக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதையே மறுபக்கத்திலும் செய்யுங்கள். இடப்பக்கம் சரியாகவும் வலப்பக்கம் மட்டும் பிசகியும் இருந்தால், அந்த வலப்பக்கம் எப்போதோ அடிபட்டுச் சரிசெய்யப்பட்டது என்று கொள்ளலாம். மட்கார்டை மாற்றியவர் துளைகளைக் கண்மட்டத்தில் போட்டிருப்பார்.

கதவைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. உங்கள் கதவுப் பட்டை முழுவதும் ஒரே சீராக 4 மி.மீ. கீழே இருந்தால் துளைகளைச் சந்தேகியுங்கள். மட்கார்டுப் பக்கம் குறைவாகவும் பின் கதவை நோக்கிப் போகப்போக அதிகமாகவும் இறங்கியிருந்தால் கீலைச் சந்தேகியுங்கள். கதவைப் பாதி திறந்து, அதன் பின் ஓரத்தை இரு கைகளாலும் மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். 'டக்'கென்று ஒரு அசைவு தெரிந்தால் கீலின் நடுவே உள்ள ஊசி தேய்ந்திருக்கிறது. 50 ஆண்டுகளாகத் திறந்து மூடிய கதவில் இது வெகு இயல்பு. தேய்ந்த கீலை அப்படியே விட்டுவிட்டுப் பட்டையை மட்டும் மேலே ஏற்றி மாட்டினால், நாளைக்குக் கீலை மாற்றும்போது பட்டை 4 மி.மீ. மேலே போய் நிற்கும். ஆகவே கீல் முதலில், பட்டை பிறகு.

பின் மட்கார்டில் பட்டை தூக்கிக்கொண்டிருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பட்டி, அதாவது பள்ளங்களை நிரப்பப் பெயின்டுக்கு முன் பூசும் பசை. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, பட்டை போகும் கோட்டில் மெதுவாக நகர்த்துங்கள். அது பிடிப்பை இழக்கும் இடத்தில் தகட்டின் மேல் பட்டி தடிமனாக இருக்கிறது. 3 மி.மீ. பட்டி இருந்தாலே அந்த வளைவு தொழிற்சாலையில் இருந்த வளைவு அல்ல. இரண்டாவது காரணம், இப்படிச் செய்யப்படும் பட்டைகள் பல நேரங்களில் நேராகவே உருட்டி எடுக்கப்பட்டு நேராகவே அனுப்பப்படுகின்றன. உடம்பின் வளைவுக்கு அவற்றை நாம்தான் வளைத்துக்கொள்ள வேண்டும். தடித்த துணியால் மூடிய ஒரு மரக்கட்டையின் மீது வைத்து, உள்ளங்கையால் முழு நீளத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி, தேவையான வளைவை விட ஒரு மயிரிழை அதிகமாக வளைத்து, பிறகு கார் மீது வைத்துப் பாருங்கள். கிளிப்பின் பலத்தால் பட்டையை இழுத்துப் பிடிக்கலாம் என்று எண்ணாதீர்கள். ஒரு மாதம் பிடித்திருக்கும். ஒரு நாள் நெடுஞ்சாலையில் கிளிப் தெறிக்கும், பட்டை போய்விடும்.

பெயின்ட் அடித்துவிட்டதால் எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று வருந்த வேண்டாம். துளை பிசகியிருந்தால், பட்டையின் அகலத்துக்குள் மறையும் அளவுக்கு அதை மேல்நோக்கி நீள்துளையாக அரத்தால் அராவிக்கொள்ளலாம். அராவுவதற்கு முன் சுற்றிலும் இரண்டடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை போடாதீர்கள்; இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் மெல்லிய தகடுதான் முதலில் துருப்பிடிக்கும் இடம். அராவிய விளிம்பில் வெற்று இரும்பு தெரியும். துத்தநாக பிரைமரை ஒரு சிறு தூரிகையால் தொட்டு, நன்றாகக் காய விட்டு, கிளிப்பை மாட்டும்போது துளையின் உள்ளே சிறிது மெழுகோ கிரீஸோ வையுங்கள். அராவிய இரும்புத்தூளை ஊதித் தள்ளாமல் காந்தத்தால் எடுங்கள். புதுப் பெயின்டின் மேல் விழுந்த ஒரு துகள் ஒரே மழையில் பழுப்புப் புள்ளியாகிவிடும்.

மதுரை வெயிலை வைத்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலையில் 25 டிகிரியில் இருக்கும் கதவுத் தகடு, சித்திரை மாத மதியத்தில் 70 டிகிரியைத் தொடுவது எளிது, அதுவும் அடர்நிற வண்டியானால். அந்த 45 டிகிரி வேறுபாட்டில் ஒரு மீட்டர் நீள அலுமினியப் பட்டை ஏறக்குறைய 1 மி.மீ. நீளும், அதே நீள இரும்புத் தகடு அரை மி.மீ. மட்டுமே நீளும். பிளாஸ்டிக்கில் குரோம் பூசிய பட்டையாக இருந்தால் மூன்றரை மி.மீ. வரை போகும். எனவே ஒவ்வொரு துண்டிலும் ஒரு கிளிப்பை மட்டும் இறுக்கமாக வைத்து, மற்றவை நகர இடம் கொடுங்கள். காலைக் குளிரில் மாட்டுகிறீர்கள் என்றால் துண்டுகளுக்கு இடையே இடைவெளியைச் சற்றுத் தாராளமாகவே விடுங்கள். கதவுப் பட்டையின் முன் முனை கதவின் ஓரம் வரை வரக்கூடாது, 2 அல்லது 3 மி.மீ. உள்ளே நிற்க வேண்டும். இல்லையேல் கதவைத் திறக்கும்போது அது முன் மட்கார்டைச் சுரண்டும். முதல்முறை கதவைத் திறக்கும்போது மட்கார்டின் ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டு, ஒருவர் குனிந்து இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அங்குலம் அங்குலமாகத் திறக்க வேண்டும்.

இனிமேல் சீரமைப்பைத் தொடங்கப்போகும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டை, கிரில், விளக்கு வளையம், பம்பர் என்று வாங்கியவை அனைத்தையும் பிரைமர் நிலையிலேயே காரில் ஒருமுறை முழுவதுமாக மாட்டிப் பார்த்து, கழற்றிவிட்டு, அதன் பிறகே பெயின்டரிடம் வண்டியை ஒப்படையுங்கள். ஒரு வாரம் கூடுதலாகும். ஆனால் பெயின்டுக்குப் பின் போடும் ஒவ்வொரு துளையும் மனதை எப்படி வலிக்கச் செய்யும் என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டு அம்பாசடர் மார்க் 2 காரின் டிக்கியில் இருந்த எழுத்து மோனோகிராம் உடைந்துவிட்டது. அதே மாதிரி பித்தளையில் வார்த்து, முலாம் பூசிய ஒன்றை வாங்கினேன். பார்ப்பதற்கு அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் பின்னால் உள்ள ஊசிகள் டிக்கியில் உள்ள துளைகளில் நுழையவில்லை. ஒரு முனையை நுழைத்தால் மறுமுனை 3 மி.மீ. உள்ளே நிற்கிறது. துளையைப் பெரிதாக்கலாமா? — வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். காரணத்தைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். உருகிய உலோகம் அச்சுக்குள் ஊற்றப்பட்டுக் குளிரும்போது சுருங்குகிறது. பித்தளை ஏறக்குறைய 100-க்கு ஒன்றரைப் பங்கு சுருங்கும். அதனால்தான் வார்ப்பட மாதிரி செய்பவர்கள் சாதாரண அளவுகோலைப் பயன்படுத்துவதில்லை. சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துச் சற்றே நீட்டிப் பிரிக்கப்பட்ட தனி அளவுகோலை வைத்திருப்பார்கள். கோவை வார்ப்படப் பட்டறைகளில் இதைப் பார்க்கலாம். யாரோ ஒருவர் அசல் மோனோகிராமையே மணலில் பதித்து அச்செடுத்து வார்த்திருந்தால், வருவது அசலை விடச் சிறியதாகத்தான் இருக்கும். 200 மி.மீ. நீளமுள்ள ஒரு எழுத்துப் பட்டைக்கு இந்தச் சுருக்கம் 3 மி.மீ. உங்கள் கடிதத்தில் உள்ள அதே 3 மி.மீ.

அந்த நகலையே மாதிரியாக வைத்து இன்னொருவர் நகல் எடுத்தால் இன்னும் ஒன்றரைப் பங்கு குறையும். சந்தையில் ஒரே மோனோகிராம் மூன்று அளவுகளில் கிடைப்பதற்கும், எழுத்துகளின் கூர்மை மழுங்கி, பழைய கோயில் கல்வெட்டில் சுண்ணாம்பு அப்பியது போலத் தெரிவதற்கும் இதுவே காரணம். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் 'பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்' என்று கேளுங்கள். ஊசிகளின் மையத்திலிருந்து மையம் வரை எத்தனை மி.மீ. என்பதை உங்கள் டிக்கியின் துளைகளோடு ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்புங்கள். அந்த அளவைச் சொல்ல மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

இப்போது கையில் இருப்பதை என்ன செய்வது? பின்னால் உள்ள ஊசிகளை நறுக்கி எடுத்துவிட்டு, டிக்கியின் துளைகளுக்குச் சரியாக வரும் இடத்தில் புதிய ஊசிகளை வெள்ளிப் பற்றாசு வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். நகைப் பட்டறையில் கைதேர்ந்தவர் எவரும் இதைச் செய்துவிடுவார். முலாம் பூசிய பிறகு இதைச் செய்தால் சூட்டில் முலாம் கறுத்துவிடும் என்பதால், ஊசியைப் பொருத்திவிட்டு மறுபடி முலாமுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். செலவுதான், ஆனால் டிக்கித் தகடு காப்பாற்றப்படும். உடைந்துபோன அசல் துண்டுகள் அனைத்தும் கையில் இருந்தால், கண்ணாடி மீது அடுக்கிப் படம் எடுத்து, முப்பரிமாண ஸ்கேன் செய்யும் ஒருவரிடம் கொடுக்கலாம். அவர் கணினியில் சுருக்கத்துக்கு ஏற்ப அளவைக் கூட்டி, முதலில் பிளாஸ்டிக்கில் ஒரு மாதிரியை அச்சிட்டுத் தருவார். அந்த மாதிரியில் இரண்டு வேண்டும்: உண்மையான அளவில் ஒன்று, கூட்டிய அளவில் ஒன்று. முதலாவதைக் காரில் வைத்துப் பாருங்கள், இரண்டாவதை வார்ப்புக்கு அனுப்புங்கள்.

கேள்வி: நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 ஒன்றைச் சீரமைக்கிறேன். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டுக்குப் புதிய அலங்காரப் பொருள்கள் எல்லாம் கிடைக்கின்றன என்கிறார்கள். மொத்த செட்டையும் வரவழைக்கலாமா? — வாசகர், சென்னை

பதில்: மொத்தமாக வரவழைக்காதீர்கள். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு அங்கே கடைசி வரை இரண்டு கதவு வண்டியாகவே இருந்தது. நான்கு கதவு ஹெரால்டு என்பது நம் சென்னையில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. இந்தியப் பதிப்புக்கு மட்டுமே உரிய அந்தக் கதவுகளுக்கும், அவற்றின் ஜன்னல் ஓரங்களுக்கும், கதவுகளை ஒட்டிய பக்கவாட்டுக்கும் இங்கிலாந்தில் யாரும் பட்டை செய்திருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கார் அங்கே ஓடவே இல்லை. இரண்டு கதவுக் காரின் கதவு நீளமே வேறு. இரண்டுக்கும் பொதுவானவை என்று நீங்கள் அளந்து உறுதிசெய்துகொண்டவற்றை மட்டும் ஒவ்வொன்றாக வரவழையுங்கள். மீதியை இங்கேயே பழைய பட்டைகளைப் பார்த்துச் செய்துகொள்ளுங்கள். புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடுங்கள், ஆனால் தேடும்போது அளவுத்தாளுடன் போங்கள்.

ஹெரால்டுக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்தக் காருக்குத் தனிச் சட்டம் இருக்கிறது; உடம்பின் பாகங்கள் போல்ட் போட்டு அதன் மீது உட்கார்ந்திருக்கின்றன. நடுவே வைக்கும் தகட்டுத் துண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் இடைவெளிகளைச் சரிசெய்ய முடியும். இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலோத்தி வரைந்த அந்த நேர்க்கோடுகள் பானட்டிலிருந்து கதவைத் தாண்டிப் பின்பக்கம் வரை தடையில்லாமல் ஓடினால்தான் அந்தக் காருக்கு அழகு. அதைச் சாதித்த பிறகே பட்டையைக் கையில் எடுங்கள்.

கேள்வி: முன் கண்ணாடிக்குப் புது ரப்பரும் அதற்குள் ஓடும் குரோம் பீடிங்கும் வாங்கி மாட்டினோம். மாட்டிய அன்று அழகாக இருந்தது. இரண்டு மாதத்தில் மேல் மூலைகளில் ரப்பர் விலகி, பீடிங் வெளியே எட்டிப் பார்க்கிறது. மழையில் தண்ணீரும் உள்ளே வருகிறது. ரப்பர் மட்டமானதா? — வாசகர், திருநெல்வேலி

பதில்: மட்டமானதாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறி, மாட்டும்போது ரப்பர் இழுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் காட்டுகிறது. ரப்பரை இழுத்துப் பொருத்தினால் அது அன்றைக்கு நீண்டு கொடுக்கும். பிறகு தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். திரும்பும்போது நேர்ப்பகுதியில் ஒன்றும் தெரியாது, மூலையில்தான் விலகும். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை வைக்கும்போது எப்போதும் தள்ளித்தள்ளி நுழைக்க வேண்டும். வெட்டும்போது ஒரு விரற்கடை அதிகமாக விட்டு, இரு முனைகளையும் நெருக்கி இணைக்க வேண்டும். இணைப்பு மூலையில் வரக்கூடாது. வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். மண்ணெண்ணெயோ எஞ்சின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊதிவிடும்.

அடுத்து, ரப்பரின் குறுக்குவெட்டைப் பாருங்கள். அதில் ஒரு பக்கம் தகட்டுக்கான பள்ளம், மறுபக்கம் கண்ணாடிக்கான பள்ளம், நடுவில் பீடிங்குக்கான பள்ளம் என்று மூன்று இருக்கும். முன்பிருந்த கண்ணாடிக்குப் பதிலாக இப்போது நீங்கள் வேறு தடிமனில் லாமினேட்டட் கண்ணாடி போட்டிருந்தால், அதே ரப்பர் இறுகியோ தளர்ந்தோ போகும். கண்ணாடிப் பள்ளம் அளவுக்கு மேல் விரிந்தால் நடுவில் உள்ள பீடிங் பள்ளமும் வாய் பிளக்கும், பீடிங் தானாக வெளியே வரும். எனவே ரப்பர் வாங்குவதற்கு முன் ஒரு விரல் நீளத் துண்டை மட்டும் மாதிரியாகக் கேட்டு வாங்கி, உங்கள் கண்ணாடியிலும் தகட்டு விளிம்பிலும் செருகிப் பாருங்கள். பழைய ரப்பரிலிருந்து பிளேடால் நேராக ஒரு மெல்லிய வில்லை வெட்டி, புதியதன் வில்லைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்து நொடியில் வித்தியாசம் கண்ணில் படும். தகட்டு விளிம்பில் பழைய வெல்டிங் மேடும் பட்டியும் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்பதையும் தடவிப் பாருங்கள்; நீர்க்கசிவு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

கேள்வி: பழைய பம்பர், கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம் ஆகியவற்றுக்கு மறுபடி முலாம் பூசுவதா, புதிதாகச் செய்தவற்றை வாங்குவதா? புதியவை விலை குறைவாக இருக்கின்றன. காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று சொல்கிறார்களே, உண்மையா? — வாசகர், ஈரோடு

பதில்: காந்தப் பரிசோதனை பாதிதான் உதவும். பாத்திரங்களில் நாம் காணும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் காந்தம் ஒட்டாது. ஆனால் கார்ப் பட்டைகளுக்கு உலகெங்கும் பரவலாகப் பயன்பட்ட 430 வகையில் நன்றாக ஒட்டும். அது மட்டமான சரக்கு அல்ல. ஒட்டாதது எல்லாம் ஸ்டீலும் அல்ல. அலுமினியம், பித்தளை, துத்தநாக வார்ப்பு எதிலும் காந்தம் ஒட்டாது. பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சள் தெரிந்தால் பித்தளை, கையில் கனமாக இருந்து மங்கிய சாம்பல் தெரிந்தால் துத்தநாக வார்ப்பு.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை நான் பெரும் விலை கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு அம்பாசடரின் கதவுக் கைப்பிடிகளையும் சில இரும்புத் துண்டுகளையும் ஒரே பையில் போட்டு ஒரு முலாம் பட்டறைக்கு அனுப்பினேன். அவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அமிலத் தொட்டியில் இறக்கிப் பழைய முலாமை நீக்கினார்கள். இரும்புக்கு அது பெரிய கேடு செய்யவில்லை. கைப்பிடிகள் துத்தநாக வார்ப்பு. அமிலம் அவற்றைத் தின்றுவிட்டது. திரும்பி வந்தபோது சாவித் துளையின் விளிம்பு காகிதம் போல மெலிந்து, பொத்தான் உட்காரும் குழி அகன்று, கையால் தொட்டால் சொரசொரவென்றிருந்தது. அந்த நான்கு கைப்பிடிகளுக்கு ஈடாகச் சரியாகப் பொருந்தும் நான்கைச் சேர்க்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இப்போதெல்லாம் துத்தநாகம், பித்தளை, இரும்பு என்று தனித்தனிப் பையில் போட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டி, எண்ணிக்கை எழுதி, படம் எடுத்த பிறகே அனுப்புகிறேன். பட்டறைக்காரரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வருகிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது: பம்பர் நெளியாமல், துரு தகட்டைத் துளைக்காமல் இருந்தால் பழையதற்கே முலாம் பூசுங்கள். புதிதாகச் செய்து விலை குறைவாக விற்கப்படும் பம்பர்களில் பல மெல்லிய தகட்டில் அடிக்கப்பட்டவை. பின்பக்கம் தாங்கும் கம்பியில் போல்ட் இறுக்கும்போது அவை உள்வாங்கும். அப்படி உள்வாங்கிய இடம் வெயிலில் குழியாகத் தெரியும். இரண்டையும் எடைபோட்டுப் பாருங்கள், தராசு பொய் சொல்லாது. ஸ்டெயின்லெஸ் பட்டைகளில் உள்ள சிறு குழிகளைப் பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியால் தட்டி எடுத்து, 320-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, சுழலும் துணிச் சக்கரத்தில் பஃப் போட்டால் புதியது போலாகிவிடும், ஏனெனில் அதில் முலாமே இல்லை, உலோகத்தின் மினுக்கே அதன் மினுக்கு. அசல் பட்டையைப் போலப் பொருந்தும் நகலை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். புள்ளிபுள்ளியாகக் குழி விழுந்த துத்தநாகத் துண்டு மட்டும் வேறு கதை. குழிகளைச் செம்பால் நிரப்பி, தேய்த்து, மறுபடி நிரப்பி என்று பல சுற்று போகும். அங்கே நல்ல நகல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

முலாம் பூசும்போது கூர்மையான விளிம்புகளைப் பஃப் சக்கரம் மழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலம். அடியில் உள்ள செம்பும் நிக்கலும்தான் தடிமன். செம்பை அதிகமாக ஏற்றிய துண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் இறுகும். பழைய ஆங்கிலேய வழிக் கார்களில் இன்னொரு சிக்கல் மரை. லூகாஸ் நிறுவன விளக்குகளில் உள்ள சின்ன ஸ்குரூக்கள் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரையாக இருக்கும், 2 பி.ஏ.-வின் விட்டம் 4.7 மி.மீ. இன்று கடையில் கிடைக்கும் 5 மி.மீ. நட் அதில் ஏறுவது போல ஏறும், ஏனென்றால் மரையின் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இறுக்கும்போது வழுக்கிவிடும். வழுக்கினால் ஸ்பானரை இன்னும் அழுத்தாதீர்கள். சரியான நட்டைத் தேடுங்கள்.

கேள்வி: என் கார் 50 ஆண்டைத் தாண்டிவிட்டது. விண்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். புதிதாகச் செய்த பட்டைகளையும் கிரில்லையும் மாட்டினால் தகுதி போய்விடுமா? பழைய பட்டை ஒரு பக்கம் முழுவதும் காணாமல் போய்விட்டது. எதைப் பார்த்துச் செய்வது? — வாசகர், புதுச்சேரி

பதில்: 2021-இல் வந்த மத்திய விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகளைப் பற்றியது. வண்டியின் சேஸி, உடம்புக்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்து அசல் வடிவத்தைக் கெடுத்திருக்கக் கூடாது என்பதே அதன் நிபந்தனை. தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே வடிவில் ஒரு பட்டையை மாட்டுவது உடம்புக்கூட்டை மாற்றுவது ஆகாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும். எண் பலகையில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கு அந்த வண்டியைப் பயன்படுத்த முடியாது என்பதையும் யோசித்து முடிவெடுங்கள்.

காணாமல் போன பக்கத்துக்கு வழி உங்கள் காரிலேயே இருக்கிறது. மறுபக்கத்துப் பட்டையின் மேல் டிரேசிங் தாளை ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் விளிம்பும் வரிகளும் தாளில் ஏறிவிடும். அந்தத் தாளைத் திருப்பிப் போட்டால் அதுவே எதிர்ப்பக்கத்தின் வரைபடம். பட்டையின் குறுக்குவெட்டுக்குச் சின்ன உருண்டைக் களிமண்ணை முனையில் அழுத்தி எடுத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் போய்விட்டிருந்தால், அதே ஆண்டு, அதே மாடல் கார் வைத்திருப்பவரைத் தேடுங்கள். 'அதே மாதிரி கார்' போதாது, ஆண்டும் ஒத்திருக்க வேண்டும். சென்னையில் பழைய கார் வைத்திருப்போரின் சங்கம் இருக்கிறது, கோவை அவினாசி சாலையில் ஜீடீ கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணால் பார்க்கலாம், தொட முடியாது. தனியார் காராக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்டு, டிரேசிங் தாள், பென்சில், எஃகு ஸ்கேல், பெயின்டில் பசை ஒட்டாத நல்ல மாஸ்கிங் டேப் ஆகியவற்றுடன் காலையில் போங்கள். வெயில் ஏறினால் தாள் சுருங்கும், தகடு நீளும். பட்டையின் நீளத்தோடு, கதவு ஓரத்திலிருந்து பட்டை தொடங்கும் தூரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் தேடுவது அந்த அளவைத்தான்.